காரின் பெயரும் காரின் உடம்பும்: ஒரு திருத்தம்



இன்றைய பதிவு நீளம். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். முப்பத்திரண்டு வருஷம் உங்கள் விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். இன்றைக்கு என் விடைத்தாளிலேயே ஒரு கோடு போட வேண்டியதாகிவிட்டது. இதைத் தனியாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தப்பான பதிலை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சரியான பதிலையும் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை.

ஆயுத பூஜை சமயத்தில் நம் மாணவன் ஒருவன் டல்லாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கம் கார் படம் வரைந்துகொண்டிருந்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் பேட்ச்காரர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

படத்தில் இருந்தது 1959-ஆம் வருஷத்து காடிலாக். மேல்கூரையை மடக்கித் திறக்கும் வகை. பின்பக்கம் விமானத்தின் வால் மாதிரி இரண்டு துடுப்பு, ஒவ்வொரு துடுப்பிலும் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இரண்டிரண்டு சிவப்பு விளக்கு. விற்கிறவர் அதை 'எல்டொராடோ பியாரிட்ஸ்' என்று விளம்பரம் செய்திருந்தார். "சார், இது நிஜமாவே பியாரிட்ஸ் தானுங்களா?" என்று கேட்டான். பழைய கார் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் படத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் அகலமான குரோம் பட்டை, முன்சக்கரத்துக்குப் பின்னால் 'எல்டொராடோ' என்ற எழுத்துகள். "சந்தேகமே இல்லை தம்பி, பியாரிட்ஸ்தான்" என்று பதில் போட்டேன். அதோடு விட்டேனா? அதே படத்தை இங்கே போட்டு, 'என் மாணவன் வாங்கப்போகும் எல்டொராடோ பியாரிட்ஸ்' என்று எழுதினேன். நூற்றுச் சொச்சம் பேர் லைக் போட்டீர்கள். என் பெரியம்மா மகன் மட்டும் "இந்தக் காரை நம்ம தெருவுக்குள்ள எப்படித் திருப்புறது?" என்று கேட்டிருந்தார்.

சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அவன் 2,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி தூக்கம் வரவில்லை. வயசானால் வரும் தூக்கமின்மை என்று நினைத்தேன். அது இல்லை. நான் பார்த்தது என்ன? ஒரு தகடு, ஒரு பட்டை, சில எழுத்து. எல்லாமே ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் மாட்டக்கூடிய சாமான். காரின் உடம்பைப் பற்றி அவை என்ன சாட்சி சொல்லும்? கல்வெட்டைப் படிக்காமல் கோயில் வாசலில் இருக்கும் பெயிண்ட் போர்டைப் படித்துவிட்டு இது சோழர் காலம் என்று சொல்லும் ஆளை நான் வகுப்பில் எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்! அதே வேலையை நானே செய்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். ஊரில் அன்றைக்கு எல்லாக் காருக்கும் 'பிளசர்' என்றுதான் பெயர். லாரி, பஸ் மாதிரி தொழிலுக்கு ஓடாமல் சொந்தச் சௌகரியத்துக்கு ஓடும் வண்டியை ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னார்கள். வகையைக் குறித்த சொல் நம் கிழவிகள் வாயில் காருக்கே பெயராகிவிட்டது. அப்பா ஓட்டிய பழைய செவர்லேயில் பின்சீட்டுக்கு வெள்ளைத் துணி உறை, முன்சீட்டுக்கு வெறும் ரெக்ஸின். பெரியவர் வீட்டில் இல்லாத நாளில் என்னை முன்சீட்டில் உட்கார வைத்துத் துடைக்கச் சொல்வார். பின்சீட்டில் நானும் உட்கார்ந்ததில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. வேறு ஊர்க் கார் வந்தால் நான் பெயரைப் படிக்க ஓடுவேன். அவர் கேட்பதெல்லாம், "கதவு எத்தனை சாமி? நடுவுல தூண் இருக்குதா?" என்பதுதான். அந்த இரண்டு கேள்வியைக்கூட அன்றைக்கு நான் டல்லாஸ் பையனிடம் கேட்கவில்லை.

இனி வரலாறு. பழைய சொகுசுக் கார்களில் நாம் பார்க்கும் அழகழகான பெயர்களில் பெரும்பாலானவை குதிரை வண்டிக் காலத்துச் சொற்கள். அன்றைக்கு அவை அலங்காரப் பெயர்கள் இல்லை. நம் ஊரில் வில்வண்டி, கூண்டுவண்டி, கட்டைவண்டி என்று சொன்னால் வண்டி எப்படி இருக்கும் என்று கண்ணில் தெரியும் அல்லவா, அந்த மாதிரி. 'கூப்பே' என்றால் பிரெஞ்சில் வெட்டியது. எதிரெதிராக இரண்டு இருக்கை உள்ள பெரிய வண்டிக்கு 'பெர்லின்' என்று பெயர். அதன் முன்பாதியை வெட்டிவிட்டு, முன்னோக்கி இருவர் மட்டும் உட்காரும்படி செய்தால் கூப்பே. 'லாண்டோ' என்றால் கூரை முன்பாதி, பின்பாதி என இரண்டாக மடங்கும் வண்டி. ஜெர்மனியில் லாண்டௌ என்று ஓர் ஊர், அதன் பெயர். மடக்குவதற்குப் பக்கத்தில் 'எஸ்' போல வளைந்த இரும்புக் கம்பி இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

'டி வில்' என்றால் பட்டணத்துக்கு உரியது. 'கூப்பே டி வில்' என்பது பட்டணத்தில் விருந்துக்கும் நாடகத்துக்கும் போக வைத்திருக்கும் கார். அதன் அடையாளம் ஒன்றே ஒன்று: பின்னால் உட்காரும் முதலாளிக்குக் கூரை உண்டு, கண்ணாடி உண்டு, முன்னால் உட்காரும் டிரைவருக்குக் கூரை கிடையாது. குதிரை வண்டிக்காரன் வெளியில் உட்கார்ந்தான் இல்லையா, அந்தப் பழக்கம் மோட்டார் வந்தபிறகும் போகவில்லை. சீருடை போட்ட டிரைவர் நாலு பேர் கண்ணில் படுவதும் அந்தஸ்தின் ஒரு பகுதி. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கான்வாஸ் இருக்கும், அவ்வளவுதான். இதே உடம்பை இங்கிலாந்தில் 'செடான்கா டி வில்' என்றார்கள். ஸ்பெயினில் ரோல்ஸ்-ராய்ஸ் ஏஜெண்டாக இருந்த கார்லோஸ் டி சலமன்கா என்ற பிரபுவின் பெயரிலிருந்து வந்தது 'செடான்கா'. அமெரிக்காவில் நேராக 'டவுன் கார்' என்றார்கள்.

இதைப் படித்தபோது என்னை நிறுத்திய விஷயம் இருக்கையின் தோல். அந்தக் கார்களில் முன்சீட்டுக்குத் தோல், பின்சீட்டுக்கு உயர்ந்த கம்பளித் துணி. காரணம், தோல் மழையையும் வெயிலையும் தாங்கும், துணி தாங்காது. ஆகத் தோல் என்பது டிரைவருடைய இருக்கை. இன்றைக்கு ஷோரூமில் 'லெதர் சீட்' என்று கூடுதலாகப் பணம் வாங்குகிறார்கள். அப்பாவின் ரெக்ஸின் சீட்டும் பின்னால் இருந்த வெள்ளைத் துணியும் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த வீட்டில் யாரும் பிரெஞ்சு படித்ததில்லை. ஆனாலும் ஏற்பாடு அதேதான்.

'லிமோசின்' என்றால் இன்று நீளக் கார் என்று நினைக்கிறோம். நீளம் அடையாளம் இல்லை. டிரைவருக்கும் முதலாளிக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா என்பதுதான் அடையாளம். காடிலாக்கே 1959-இல் சீரீஸ் 75 என்ற நீளக் காரை இரண்டு விதமாக விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. தடுப்பு இல்லாதது செடான், தடுப்பு இருப்பது லிமோசின்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். டெட்ராய்ட் நகரத்தை 1701-இல் நிறுவிய பிரெஞ்சுக்காரர் காடிலாக். 1902-இல் தொடங்கிய கார் கம்பெனி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுப் பெயர் மேல் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து 1949-இல் அவர்கள் ஒரு புதுவிதக் கூரையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கதவு, இரும்புக் கூரை, ஆனால் கதவுக்குப் பின்னால் நடுத்தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. கூரை திறக்கும் காரின் தோற்றம், ஆனால் திறக்காத கூரை. இந்த உடம்புக்கு 'ஹார்ட்டாப்' என்று பெயர். அதே கம்பெனிக் குடும்பத்தில் ப்யூக் இதற்கு 'ரிவியேரா' என்று பெயர் வைத்தது, ஓல்ட்ஸ்மொபீல் 'ஹாலிடே' என்றது, காடிலாக் 'கூப் டி வில்' என்றது.

கவனியுங்கள். இந்தக் காரில் டிரைவர் மழையில் நனையவில்லை. டிரைவரே இல்லை; முதலாளிதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். பெயர் குறித்த பொருள் முழுதாகப் போய்விட்டது, சத்தம் மட்டும் மிஞ்சியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். முதலாளியே வண்டி ஓட்டுகிற நாட்டில் அந்தப் பெயருக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

ஆனால் குழப்பம் அதற்கப்புறம்தான். 1949-இல் கூப் டி வில் என்றால் அது ஓர் உடம்பு: சீரீஸ் 62 என்ற வரிசைக்குள் தூண் இல்லாத இரண்டு கதவு. கொஞ்ச காலத்திலேயே சாதாரண சீரீஸ் 62 கூப்பையும் தூண் இல்லாமல் செய்ய ஆரம்பித்தார்கள். ஆக உடம்பு ஒன்றுதான், உள்ளே இருக்கை, அலங்காரம் உசத்தியாக இருந்தால் அது டி வில். 1956-இல் நாலு கதவோடு 'செடான் டி வில்' வந்தது. 1959-இல் டி வில் தனி வரிசையாகவே ஆகிவிட்டது. 1964-இல் கூரை திறக்கும் டி வில்லும் வந்தது. 1974-இல் கூப் டி வில்லின் பின்கண்ணாடி இறங்காமல் நிலையாகப் பொருத்தப்பட்டது. எந்தத் தூணில்லாத திறப்புக்காக 1949-இல் அந்தப் பெயரை வைத்தார்களோ, அந்தத் திறப்பும் போனது. பெயர் மட்டும் 1993 வரை ஓடியது! பெயரைச் சொன்னால் உடம்பு தெரிந்த காலம் போய், பெயரைச் சொன்னால் விலைப்படி மட்டும் தெரியும் காலம் வந்தது. இந்த விலைப்படிக்குத்தான் 'ட்ரிம்' என்று பெயர். நம் ஊரில் அம்பாசிடரில் டீலக்ஸ் என்று எழுதியிருந்ததே, அது மாதிரி.

நான் சறுக்கிய பியாரிட்ஸ் கதை இதைவிட வேடிக்கை. எல்டொராடோ என்பது 1953-இல் வந்த காடிலாக்கின் உச்ச விலைக் கார். கூரை திறக்கும் வகை மட்டும்தான், அந்த வருஷம் 532 கார்கள் செய்தார்கள். 1956-இல் அதற்கு ஹார்ட்டாப் தம்பி ஒன்று பிறந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல இரண்டு ஊர்ப் பெயர்: கூரை திறந்தால் பியாரிட்ஸ், பிரான்ஸின் கடற்கரை ஊர், திறக்காவிட்டால் செவில், ஸ்பெயின் நகரம். இதில் குழப்பமே இல்லை. பெயர் கூரையைச் சொன்னது. 1960-உடன் செவில் நின்றது. பியாரிட்ஸ் என்ற பெயரும் அறுபதுகளின் நடுவில் மறைந்தது. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? 1975-இல் செவில் என்ற பெயரை எடுத்து, சம்பந்தமே இல்லாத நாலு கதவுச் செடானுக்கு வைத்தார்கள். 1977-இல் பியாரிட்ஸ் திரும்பி வந்தது, மெத்தை வைத்துத் தைத்த மூடிய கூரையோடு. 1979 முதல் அந்தக் கூரையின் முன்பாதியில் துருப்பிடிக்காத இரும்புத் தகடு வேறு. 'கூரை திறக்கும்' என்று பொருள்பட்ட சொல் 'கூரை கெட்டியாக இருக்கும்' என்று ஆகிவிட்டது. 1984-இல் மறுபடி கூரை திறக்கும் பியாரிட்ஸ் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது என்னைத் திருத்த வருவீர்கள்.

'ப்ரூம்' என்ற பெயர் எனக்குத் தனி வருத்தம். ஹென்றி ப்ரூம் என்ற பிரபு 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர். 1833-இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த அமைச்சரவையில் இருந்தவர். ஏழைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று பேசியவர், லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் உண்டாகப் பாடுபட்டவர். அவருக்காக 1838 வாக்கில் சின்னதாக, ஒற்றைக் குதிரை இழுக்கும் மூடிய வண்டி ஒன்று செய்தார்கள். அதற்கு அவர் பெயரே நிலைத்தது. ஆடம்பரம் இல்லாத கச்சிதமான வண்டி. 1970-களில் அமெரிக்காவில் அதே பெயரை வெல்வெட் சீட்டும் வினைல் கூரையும் உள்ள எந்தக் காருக்கும் ஒட்டினார்கள். காடிலாக்கில் 'ஃப்ளீட்வுட் ப்ரூம்', ஓல்ட்ஸ்மொபீலில் 'கட்லஸ் சுப்ரீம் ப்ரூம்'. ஃப்ளீட்வுட் என்பதும் பென்சில்வேனியாவில் ஓர் ஊர், அங்கே கைவேலையாகக் கார் உடம்பு செய்த பட்டறையின் பெயர். பட்டறைக்காரன் பெயர், பிரபுவின் பெயர் இரண்டும் சேர்ந்து கடைசியில் ஒரு விலைப்படி ஆனது. நினைவில் வைக்கச் சொன்ன லாண்டோ கம்பி? 1962-இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் 'லாண்டோ' என்று ஒன்று வந்தது. வினைல் கூரை, பக்கத்தில் அதே 'எஸ்' கம்பி. எதையும் மடக்காத கம்பி.

சரி, அப்படியென்றால் உடம்பையும் ட்ரிம்மையும் எப்படித்தான் பிரிப்பது? முதலில் அப்பாவின் வழி. கண்ணாடியெல்லாம் இறக்கச் சொல்லுங்கள். கதவு எத்தனை, நடுத்தூண் உண்டா இல்லையா, கூரை மடங்குமா, பின்கதவுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி உண்டா. இந்த நாலு கேள்விக்குப் பதில் கிடைத்தால் உடம்பு தெரிந்துவிடும். குரோமை அப்புறம் பார்க்கலாம்.

1959 காடிலாக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு கதவு ஹார்ட்டாப்பில் அந்த வருஷம் இரண்டு உடம்பு. ஒன்றில் கூரை தட்டையாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பின்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து போகும். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு ஜன்னல். இன்னொன்றில் கூரை சரிந்து இறங்கும், பின்கதவுக்கு அப்பால் இன்னொரு சின்ன ஜன்னல், மொத்தம் ஆறு. நீங்கள் நினைக்கலாம், ஆறு ஜன்னல் இருந்தால் உசத்தி மாடல், நாலு இருந்தால் சாதா என்று. இல்லை. சீரீஸ் 62-லும் இரண்டு உடம்பும் உண்டு, டி வில்லிலும் இரண்டும் உண்டு.

இதைக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குக் குழப்பம் வராமல் ஓர் எண்ணில் எழுதி வைத்தார்கள். பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் 'ஸ்டைல்' என்று போட்டு 59 என்ற வருஷமும் ஒரு நாலு இலக்க எண்ணும் இருக்கும். நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வரிசையை, அதாவது ட்ரிம்மைச் சொல்லும். கடைசி இரண்டு உடம்பைச் சொல்லும். நம் பெயரில் இனிஷியலும் பெயரும் இருப்பது மாதிரி. 62 என்றால் சீரீஸ் 62, 63 என்றால் டி வில், 64 என்றால் எல்டொராடோ. 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப், 39 என்றால் நாலு ஜன்னல் செடான், 29 என்றால் ஆறு ஜன்னல் செடான், 67 என்றால் கூரை திறப்பது. இப்போது நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். 6237, 6337, 6437 மூன்றும் ஒரே உடம்பு, மூன்று விலை. மூன்றாவது எண்தான் எல்டொராடோ செவில். 6267, 6467 இரண்டும் கூரை திறப்பவை. முதலாவது சீரீஸ் 62, இரண்டாவது பியாரிட்ஸ். டி வில் கன்வெர்ட்டிபிள் 1964-இல்தான் வந்தது என்று மேலே சொன்னேனே, அதனால் 1959-இல் 6367 என்ற எண்ணே கிடையாது. அந்த வருஷத்துக் காரை யாராவது 'டி வில் கன்வெர்ட்டிபிள்' என்று விற்றால் தகட்டைப் பார்க்காமலே மறுத்துவிடலாம்.

வண்டியின் எண்ணும் இதையே சொல்லும். 59-க்குப் பிறகு ஓர் ஆங்கில எழுத்து வரும். சீரீஸ் 62 கன்வெர்ட்டிபிள் என்றால் 'எஃப்', பியாரிட்ஸ் என்றால் 'ஈ'. ஒரே ஓர் எழுத்து. ஆனால் புதிதாக விற்றபோதே முதலாவதின் விலை 5,455 டாலர், இரண்டாவதின் விலை 7,401 டாலர். முதலாவதை 11,130 செய்தார்கள், இரண்டாவதை 1,320 மட்டும். இன்றைய சந்தையில் இடைவெளி இன்னும் பெரிது. அதனால்தான் 'எஃப்' காருக்கு 'ஈ' காரின் வேஷம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி எழுந்து அவனுக்குப் போன் போட்டேன். அங்கே பகல்.

"தம்பி, நான் சொன்னது தப்பாக இருக்கலாம். பானெட்டைத் திறந்து தகட்டைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

"எஞ்சின்ல மூணு கார்புரேட்டர் இருக்குதுங்க சார். பியாரிட்ஸ்லதான் மூணு வரும்னு அவரு சொன்னாருங்க" என்றான்.

இது பாதி உண்மை என்பதால் ஆபத்தான வாதம். 1959-இல் எல்லாக் காடிலாக்கிலும் ஒரே 390 கன அங்குல என்ஜின்தான். சாதாரணமாக 325 குதிரைத்திறன். எல்டொராடோவில் மூன்று கார்புரேட்டர், 345 குதிரைத்திறன். ஆனால் அந்த மூன்று கார்புரேட்டரைத் தனியாகக் காசு கொடுத்து மற்ற மாடலிலும் அன்றைக்கே வாங்கலாம். ஆகவே அது இருப்பது சாட்சி ஆகாது. இன்னொன்று, எல்டொராடோவில் ஏர் சஸ்பென்ஷன் கட்டாயம் வந்தது. அது ஒழுகித் தொல்லை கொடுத்ததால் பலர் கழற்றிவிட்டுச் சுருள்வில் மாட்டினார்கள். ஆகவே அது இல்லாததும் சாட்சி ஆகாது. இந்தக் காரில் மூன்று கார்புரேட்டரும் இருந்தன, சுருள்வில்லும் இருந்தது. அவரவர் நம்பிக்கைக்கு ஏற்றபடி சொல்லிக்கொள்ளலாம். பட்டையும் எழுத்தும் எனக்கு எதைச் சொல்லின என்பதை ஏற்கனவே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் தகட்டின் படம் வந்தது. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மங்கியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் மகளைக் கூப்பிட்டு அவள் கண்ணாலும் பார்க்கச் சொன்னேன். 6267. வண்டி எண்ணையும் கேட்டேன். 59-க்குப் பின்னால் 'எஃப்'.

சீரீஸ் 62. நல்ல கார், அழகான கார், அதில் குறை இல்லை. ஆனால் பியாரிட்ஸ் இல்லை. யாரோ, எந்தக் காலத்திலோ, நிறையச் செலவு செய்து அந்தப் பட்டைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். விற்றவர் தானும் பியாரிட்ஸ் என்று நம்பித்தான் வாங்கியதாகச் சொன்னாராம். உண்மையோ பொய்யோ, தகட்டைக் காட்டியதும் கொஞ்சம் முனகிவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் போயிருந்தால் அந்த 2,000 டாலரை நான் கொடுப்பதாக இருந்தேன். பென்ஷனில் எத்தனை மாதம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தேன். பையன் கேட்டுச் சிரித்தான். "நீங்க மார்க் குறைச்சதுக்கு நான் எப்பவாச்சும் காசு கேட்டேனுங்களா சார்?" என்றான்.

பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதன் மேலே 'தவறு. இது சீரீஸ் 62 கன்வெர்ட்டிபிள்' என்று எழுதியிருக்கிறேன். விடைத்தாளைக் கிழிப்பது என் வழக்கம் இல்லை, தெரியுமல்லவா.

போன வாரம் அவன் வேறு ஒரு காரின் படம் அனுப்பினான். அதுவும் 1959 காடிலாக்தான். தகட்டின் படம் இன்னும் வரவில்லை. கீழே போட்டிருக்கிறேன். கதவு நாலு. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டிருக்கிறார்கள், நடுத்தூண் இல்லை. கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது. பின்கதவுக்கு அப்பால் ஒரு சின்னக் கண்ணாடி தெரிகிறது. துடுப்பில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது, அதை வேண்டுமென்றே விரலால் மறைத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.

இந்தக் காரின் நாலு இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் என்ன? கீழே எழுதுங்கள். முதல் இரண்டை இந்தப் படத்திலிருந்து ஏன் சொல்ல முடியாது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பக்கத்து ஆளின் பதிலைப் பார்த்து எழுதுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.